துண்டு போட்டவர் வரவேயில்லை: போஸ்ட்கிரெஸ் ஸ்லாட் ஒன்றால் எடைமேடை நின்றது

எடைமேடை
ஜூன் 9, காலை 7.10

வணக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டினம் போகும் வழியில் ஒரு மாங்கூழ் ஆலையில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் நானும் ஒரு பையனும்தான். இரவு முழுக்கத் தூங்கவில்லை, எழுத்தில் தடுமாற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவு தாண்டி 2.10-க்கு எடைமேடையிலிருந்து போன். சீட்டு வரவில்லை என்றார்கள். பிரிண்டரில் தாள் சிக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். போய்ப் பார்த்தால் பெங்களூரா மாம்பழம் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் வாசலைத் தாண்டிச் சாலையோரம் வரை நிற்கின்றன. சர்வரில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் விழுந்து கிடந்தது. பதிவுக் கோப்பின் கடைசி வரியில் வட்டில் இடமில்லை என்று இருந்தது.

வட்டு 240 ஜிபி. எங்கள் தரவு 85 ஜிபிதான். ஆனால் வால் கோப்புகள் (WAL, ஒவ்வொரு மாற்றத்தையும் தரவுத்தளம் முதலில் எழுதி வைக்கும் பதிவு) கிடக்கும் கோப்புறை மட்டும் 120 ஜிபி! ஒவ்வொன்றும் 16 எம்பி, வரிசையாக ஏழாயிரத்துச் சொச்சம் கோப்புகள். எல்லாம் பழையவை. அழித்துவிடலாம் என்று கை கீபோர்டுக்குப் போனது. முன்பு எப்போதோ இந்த அவையில் யாரோ ஒருவர் "அந்தக் கோப்புறையில் கை வைப்பவன் தரவுத்தளத்தைத் தானே கொளுத்துகிறான்" என்று எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. நிறுத்திக்கொண்டேன். அந்தப் புண்ணியவானுக்கு ஒரு கூடை செந்தூரா கடன்பட்டிருக்கிறேன்.

அதே வட்டில் கிடந்த பழைய பேக்கப் கோப்பு ஒன்றை வெளி வட்டுக்கு நகர்த்தி 12 ஜிபி இடம் செய்தேன். சர்வர் எழுந்தது. ஸ்லாட் என்பது, மாற்றங்களை வாங்கும் இன்னொரு சர்வரோ மென்பொருளோ எதுவரை வாங்கியது என்று போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கும் குறி. அந்தப் பட்டியலைக் கேட்டால் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தன. மூன்றாவதின் பெயர் "ரிப்போர்ட் டிரையல்". போன அக்டோபரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தார் அறிக்கைத் திரை ஒன்றைக் காட்ட வந்தார்கள். விலை படியவில்லை, போய்விட்டார்கள். அவர்கள் போட்ட ஸ்லாட் மட்டும் எட்டு மாதமாக எங்களோடு குடித்தனம் நடத்தியிருக்கிறது. அதை நீக்கிவிட்டு ஒரு செக்பாயின்ட் (நினைவகத்தில் உள்ள மாற்றங்களை வட்டில் எழுதி முடிக்கும் வேலை) கொடுத்தேன். 120 ஜிபி என் கண்ணெதிரே கரைந்தது. 3.35-க்கு எடைச்சீட்டு மீண்டும் வந்தது. நடுவில் போன வண்டிகளுக்கெல்லாம் கையால் எழுதிய சீட்டு. காலையில் கணக்குப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கேள்வி இரண்டு. ஆள் இல்லாத ஸ்லாட்டை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது? இத்தனை நாள் வராவிட்டால் தானாகவே காலாவதி ஆகட்டும் என்று சொல்லி வைக்க வழி உண்டா? நாங்கள் போஸ்ட்கிரெஸ் 18-ல் இருக்கிறோம்.

(பின்குறிப்பு: தலைப்பை, கீழே தென்பெண்ணை அண்ணாவின் பதிலைப் படித்த பிறகு மாற்றினேன்.)

புளியமரத்தடி
ஜூன் 9, காலை 8.02

எட்டு மாதம் யாரும் பார்க்கவில்லையா? கண்காணிப்பு என்று ஒன்றுமே கிடையாதா?

எடைமேடை
ஜூன் 9, காலை 8.15

இருக்கிறது நண்பரே. ரெப்ளிகேஷன், அதாவது தரவை இன்னொரு இடத்துக்கு நகலெடுத்து அனுப்பும் வேலையின் நிலையைக் காட்டும் திரை ஒன்று சுவரிலேயே மாட்டியிருக்கிறது. நேற்று மாலை வரை பச்சை. அதுதான் எனக்கும் எரிச்சல்.

தென்பெண்ணை
ஜூன் 9, காலை 9.40

தம்பி, அந்தக் கோப்புறையைத் தொடாமல் விட்டாயே, அதற்கே பாராட்டு. வால் கோப்பு பழையதா புதியதா என்பதை அதன் தேதியை வைத்து நாம் முடிவு செய்ய முடியாது. சர்வர் விழுந்து எழும்போது அதில் எது வேண்டும் என்று அதற்குத்தான் தெரியும்.

உன் சுவர்த்திரை பச்சையாக இருந்ததற்குக் காரணம் எளிது. அது "பிஜி ஸ்டாட் ரெப்ளிகேஷன்" என்ற பார்வையிலிருந்து (போஸ்ட்கிரெஸ் தரும் நிலைப் பட்டியல்) எடுத்திருக்கும். அதில் அந்த நேரத்தில் இணைப்பில் இருப்பவர்கள் மட்டும்தான் தெரிவார்கள். வராதவனின் பெயரே இல்லாத வருகைப் பதிவேடு அது. விடுப்பில் போனவனைத் தேட வேண்டுமானால் "பிஜி ரெப்ளிகேஷன் ஸ்லாட்ஸ்" பார்வையைப் பார்க்க வேண்டும். அங்கேதான் இணைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா ஸ்லாட்டும் வரிசையாக இருக்கும்.

புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் திருவிழா நாளில் பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, ஸ்லாட் அந்தத் துண்டுதான். துண்டு கிடக்கும்வரை அந்த இடத்தில் யாரும் உட்காரக்கூடாது. துண்டுக்காரர் டீ குடிக்கப் போயிருக்கிறாரா, பஸ்ஸையே மறந்து வீட்டுக்குப் போய்விட்டாரா என்பது துண்டுக்குத் தெரியாது. போஸ்ட்கிரெஸ் கண்ணியமான கண்டக்டர். தொடவே தொடாது. அந்த ஸ்லாட் கடைசியாக எந்த இடம்வரை வாங்கிக்கொண்டதோ, அங்கிருந்து இன்றுவரை எழுதிய வால் முழுவதையும் எடுத்து வைத்திருக்கும். வால் நீண்டுகொண்டே போகும். வட்டு நிறைந்தால் சர்வரே விழும், துண்டு மட்டும் அப்படியே கிடக்கும்.

ஸ்லாட் வந்தது 9.4 பதிப்பில், 2014-ல். அதற்கு முன்பு துணை சர்வர் (முதன்மையின் நகலை வைத்திருப்பது) சற்று நேரம் காணாமல் போனால் அதற்கு வேண்டிய வாலை முதன்மை அழித்துவிடும். அந்த வலியைத் தீர்க்க வந்ததுதான் ஸ்லாட். ஆனால் வரம்பு எதுவும் இல்லாமல் வந்தது. 13-ல், 2020-ல், அளவு வரம்பு வந்தது. "மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்" என்ற அமைப்பு. இதன் இயல்பு மதிப்பு கழித்தல் ஒன்று, அதாவது வரம்பே இல்லை. நீ அதைத் தொட்டிருக்க மாட்டாய். 17-ல், 2024-ல், "இனாக்டிவ் சின்ஸ்" என்ற நெடுவரிசை வந்தது. எப்போதிலிருந்து ஆள் இல்லை என்று அதில் தெரியும். 2025 செப்டம்பரில் வந்த 18-ல்தான் நீ கேட்கும் காலாவதி இருக்கிறது: "ஐடில் ரெப்ளிகேஷன் ஸ்லாட் டைம்அவுட்". இயல்பு மதிப்பு பூஜ்யம், அதாவது அணைந்த நிலை. அமைப்புக் கோப்பில் எழுதி ரீலோடு கொடுத்தால் போதும், சர்வரை நிறுத்தி எழுப்ப வேண்டியதில்லை.

எழுதும்போது எண்ணோடு அலகையும் சேர்த்து எழுது. வெறும் 7 என்று போட்டால் அது ஏழு நாள் அல்ல, ஏழு வினாடி.

கூட்டுப்புழு
ஜூன் 9, காலை 11.25

ஏழு வினாடி! எங்கள் ஆள் ஒருவர் கட்டாயம் அதைச் செய்வார்.

எடைமேடை
ஜூன் 9, பிற்பகல் 1.05

நன்றி அண்ணா. ஏழு நாள் என்று, அலகோடு, இன்றே போட்டுவிடுகிறேன். இன்னொரு சந்தேகம். ஏழு நாள் முடிந்த அந்த நிமிடமே ஸ்லாட் போய்விடுமா?

தென்பெண்ணை
ஜூன் 9, பிற்பகல் 1.30

இல்லை. அடுத்த செக்பாயின்ட் நடக்கும்போதுதான் பார்த்துச் செல்லாததாக்கும். இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஆனால் நீ மாற்றி வைத்திருந்தால் அந்த இடைவெளிக்குத் தாமதம் ஆகும். அவசரமென்றால் கையால் ஒரு செக்பாயின்ட் கொடு. அளவு வரம்பும் அப்படித்தான், செக்பாயின்ட்டில்தான் பிடிக்கும். அதனால் வட்டின் விளிம்புவரை வரம்பு வைக்காதே.

இன்னொன்று, செல்லாததானாலும் ஸ்லாட்டின் பெயர் பட்டியலில் இருந்துகொண்டே இருக்கும். "இன்வாலிடேஷன் ரீசன்" நெடுவரிசையில் "ஐடில் டைம்அவுட்" என்று காரணம் எழுதியிருக்கும். வால் விடுபட்டுவிடும், ஆனால் மொத்த ஸ்லாட் எண்ணிக்கையில், அதாவது இயல்பாகக் கிடைக்கும் பத்தில், ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். நீதான் நீக்க வேண்டும். செல்லாததை மறுபடி உயிர்ப்பிக்க வழி இல்லை.

கூட்டுப்புழு
ஜூன் 9, இரவு 8.50

கடைசி வரிதான் என் பயம். அதனால்தான் காலாவதியைக் கண்டால் எனக்கு ஒவ்வாமை.

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் கொள்முதல் செய்யும் சில வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து தருகிறேன். முதன்மை சர்வர் தருமபுரியில். ஒருவருக்கு பென்னாகரம் பக்கம் கிடங்கில் துணை சர்வர் இருக்கிறது. அந்த இணைப்பு நூல் மாதிரி. மழை பெய்தால் அறுந்துவிடும். ஒருமுறை ஆறு நாள் வரவில்லை. ஏழாம் நாள் வந்தது, ஸ்லாட் இருந்த புண்ணியத்தில் மீதியை வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் சமமாகிவிட்டது. ஐந்து நாள் காலாவதி வைத்திருந்தால் முழு நகலையும் அந்த நூல் வழியே மறுபடி அனுப்ப வேண்டும். இரண்டு இரவு ஆகும். இல்லாவிட்டால் வட்டை பைக்கில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். செய்தும் இருக்கிறேன்.

அளவு வரம்பு ஒன்றே போதும் என்பது என் கருத்து. வட்டில் இடம் இருக்கும்வரை ஆள் வராவிட்டால் என்ன கெட்டுவிடும்?

புளியமரத்தடி
ஜூன் 9, இரவு 9.20

நானும் அதே கட்சி. இடம் இருந்தால் துண்டு கிடந்துவிட்டுப் போகட்டும். காலாவதி எல்லாம் சோம்பேறிகளுக்கு. ஒழுங்காக நிர்வாகம் செய்தால் இப்படிப்பட்ட ஸ்லாட் எப்படி இருக்கும்?

தென்பெண்ணை
ஜூன் 9, இரவு 10.45

இடம் மட்டுமே பிரச்சினை என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஸ்லாட் வாலை மட்டும் பிடித்து வைப்பதில்லை. அந்தப் பட்டியலிலேயே "எக்ஸ்மின்", "கேட்டலாக் எக்ஸ்மின்" என்று இரண்டு நெடுவரிசைகள் இருக்கின்றன. எந்த இடத்துக்குப் பிறகு பழைய வரிகளைத் துடைக்கக்கூடாது என்பதற்கான குறிகள் அவை. லாஜிக்கல் ஸ்லாட் (மாற்றங்களை வரி வரியாகப் பிரித்து அனுப்புவது) என்றால், அது கடைசியாக நின்ற இடத்துக்குப் பிறகு அமைப்பு அட்டவணைகளில் செத்த வரிகளை வேக்கம் என்ற துப்புரவு வேலையால் துடைக்க முடியாது. துணை சர்வரில் "ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக்" (தன் வினவல்களுக்கு இன்னும் வேண்டிய வரிகளை முதன்மைக்குச் சொல்லும் அமைப்பு) இயக்கியிருந்தால் அதன் ஃபிசிக்கல் ஸ்லாட் (வாலை அப்படியே அனுப்புவது) உங்கள் சொந்த அட்டவணைகளையே துடைக்க விடாது. இணைப்பு அறுந்த பிறகும்!

கூடு வியாபாரத்தில் வால் மெதுவாகத்தான் வளரும். 40 ஜிபி என்று வரம்பு வைத்தால் அதை எட்ட ஒரு வருடம்கூட ஆகலாம். அந்த ஒரு வருடமும் ஒரே வரியை ஆயிரம் முறை மாற்றும் சிறிய அட்டவணை ஒன்று உப்பிக்கொண்டே போகும், வேக்கம் வந்து வந்து வெறுங்கையோடு திரும்பும். வினவல் ஏன் மெதுவாகிறது என்று நீங்கள் இண்டெக்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அளவு வரம்பு பிடிக்காத நோய் அது. அங்கேதான் நாள் கணக்கு வேண்டும்.

பென்னாகரத்துக்கு எத்தனை நாள் என்பது வேறு கேள்வி. இதுவரை கண்ட மிக நீண்ட அறுப்பு ஆறு நாள் என்றால் இருபது நாள் வையுங்கள். முழு நகல் எடுப்பது உங்களுக்கு இரண்டு இரவு வேலை, அதனால் தாராளமாக இருக்கலாம். எடைமேடைத் தம்பிக்கு இரண்டு சர்வரும் ஒரே கட்டடத்தில். 85 ஜிபியை ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி எடுத்துவிடுவான். அவனுக்கு மூன்று நாளே அதிகம்.

கூட்டுப்புழு
ஜூன் 9, இரவு 11.10

ஃபீட்பேக் இயக்கித்தான் வைத்திருக்கிறேன். காலையில் பார்க்கிறேன். இருபது நாள் என்றால் எனக்குச் சம்மதம்.

எடைமேடை
ஜூன் 12, மாலை 6.30

மூன்று நாளாகச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். குழப்பம்.

10-ஆம் தேதி பிற்பகல் யாரும் இணையாத ஒரு சோதனை ஸ்லாட்டை உருவாக்கினேன், அது வாலைப் பிடித்து வைக்கும்படி. காலாவதியை ஒரு நாள் என்று குறைத்தேன். 11-ஆம் தேதி மாலைக்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை. செக்பாயின்ட்டும் கையால் கொடுத்தேன். இன்று 12, இன்னும் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அமைப்பு ஏற்கப்பட்டிருக்கிறது, மதிப்பைக் கேட்டால் ஒரு நாள் என்றே சொல்கிறது. பிழை எங்கே?

தென்பெண்ணை
ஜூன் 12, இரவு 7.05

"இனாக்டிவ் சின்ஸ்" நெடுவரிசையில் என்ன இருக்கிறது? அப்படியே எழுது.

எடைமேடை
ஜூன் 12, இரவு 7.12

ஜூன் 12, காலை 5.02. அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். 10-ஆம் தேதியிலிருந்து ஒருவரும் அதைத் தொடவில்லை, சத்தியம்.

தென்பெண்ணை
ஜூன் 12, இரவு 7.20

காலை 5 மணிக்கு அந்த இயந்திரத்தில் என்ன நடக்கிறது?

எடைமேடை
ஜூன் 12, இரவு 7.41

அண்ணா, புரிந்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. எடைமேடைக் கேமரா மென்பொருளும் அதே இயந்திரத்தில்தான் ஓடுகிறது. அது நினைவகத்தைத் தின்றுகொண்டே போகும். அதனால் இரண்டு வருடத்துக்கு முன்பு தினமும் காலை 5 மணிக்கு இயந்திரத்தை மறுதொடக்கம் செய்யும்படி க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் நிரல்) ஒரு வரி போட்டோம். அப்படியே பழகிவிட்டது.

தென்பெண்ணை
ஜூன் 12, இரவு 8.30

அதேதான். எந்த நேரத்திலிருந்து ஆள் இல்லை என்ற கணக்கு நினைவகத்தில்தான் இருக்கிறது. ஸ்லாட்டின் மற்ற விவரங்கள் வட்டில் பதிவாகும், இது பதிவாகாது. சர்வர் எழும்போது ஸ்லாட்டை வட்டிலிருந்து வாசித்து, அந்த நொடியையே "இனாக்டிவ் சின்ஸ்" என்று குறித்துக்கொள்ளும். அதாவது ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் மணி பூஜ்யத்திலிருந்து. உன் வீட்டில் தினமும் விடியற்காலை 5 மணிக்குக் கடிகாரம் பிறக்கிறது, ஒரு நாள் காலாவதி என்றைக்கும் முடியாது. ஏழு நாள் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாய், அடுத்த சீசனில் மறுபடி 2.10-க்குப் போன் வந்திருக்கும்.

இதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். சர்வர் பத்து நாள் அணைந்து கிடந்து எழுந்தால், துணை சர்வர் வந்து இணைய ஒரு வாய்ப்புக்கூடத் தராமல் ஸ்லாட்டைக் கொல்வது அநியாயம் அல்லவா? அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான். நம் ஊர் ஆலைகளுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவே. ஜெனரேட்டர் மாற்றும்போது சர்வர் விழுந்து எழும் இடங்களிலும் இதே கதை.

கேமராவை வேறு இயந்திரத்துக்கு மாற்று. தரவுத்தளத்தைத் தினம் எழுப்புவது வைத்தியம் ஆகாது.

புளியமரத்தடி
ஜூன் 12, இரவு 9.00

ஆக, 18-ல் வந்த புதுமையும் இவருக்கு உதவவில்லை. நான் சொன்னேன் அல்லவா? மனிதக் கண்தான் வேண்டும்.

எடைமேடை
ஜூன் 14, இரவு 10.20

கேமராவுக்குத் தனி இயந்திரம் கேட்டிருக்கிறேன். முதலாளி "சீசன் முடியட்டும்" என்றார். அதுவரை என்ன செய்வது என்று யோசித்து ஒன்று கட்டினேன்.

சிறிய அட்டவணை ஒன்று. மணிக்கு ஒருமுறை க்ரான் வந்து ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஒரு வரி எழுதும்: நேரம், ஸ்லாட் பெயர், இணைப்பு உண்டா இல்லையா, "ரீஸ்டார்ட் எல்எஸ்என்" (ஸ்லாட்டுக்கு இன்னும் வேண்டிய வாலின் தொடக்கம்) எந்த இடம், இப்போதைய வால் முனைக்கும் அதற்கும் எத்தனை பைட் தூரம். இது வட்டில் இருக்கும் சாதாரண அட்டவணை, காலை 5 மணி மறுதொடக்கம் இதை ஒன்றும் செய்யாது. பிறகு ஒரு வினவல்: 24 மணி நேரத்துக்கு முன்பு இருந்த இடத்திலேயே இன்றும் நிற்கும் ஸ்லாட் எது, தூரமும் 2 ஜிபியைத் தாண்டியதா? இரண்டும் ஆமென்றால் என் போனுக்குச் செய்தி.

தூரத்தை ஏன் சேர்த்தேன் என்றால், ஞாயிறன்று ஆலை ஓடாதபோது எல்லா ஸ்லாட்டும்தான் நிற்கிறது. முதல் நாள் தூரம் பார்க்காமல் விட்டு மூன்று பொய் அலாரம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

இனிதான் விஷயம். இன்று காலை வந்த செய்தி சோதனை ஸ்லாட்டைப் பற்றியது அல்ல. நன்றாக இருக்கிறது என்று நான் நம்பிய இரண்டில் ஒன்றைப் பற்றியது! அமைப்புப்படி அது இணைப்பில் இருக்கிறது. "இனாக்டிவ் சின்ஸ்" காலி. ஆனால் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை, 6 ஜிபி பின்னால் நிற்கிறது. கணக்குப் பிரிவுக்கு மாற்றங்களை அனுப்ப டெபீசியம் என்ற மென்பொருள் வைத்திருக்கிறோம், அதன் ஸ்லாட். ஆள் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் சாப்பிடவில்லை. இது எப்படி?

தென்பெண்ணை
ஜூன் 15, காலை 6.55

அருமை. இதைத்தான் எந்தக் காலாவதியும் பிடிக்காது. இணைப்பு இருக்கும்வரை அது "ஆள் இருக்கிறார்" கணக்கில்தான் வரும்.

ஒரே சர்வரில் இரண்டு தரவுத்தளம் வைத்திருக்கிறாயா? கணக்கு ஒன்று, எடைமேடைப் படங்கள் வேறு ஒன்று?

எடைமேடை
ஜூன் 15, காலை 7.30

ஆமாம். எப்படித் தெரிந்தது? எடைமேடையில் வண்டிக்கு மூன்று படம், பழுக்க வைக்கும் அறைகளின் வெப்பநிலை, எல்லாம் ஒரு தரவுத்தளம். கணக்கு தனி. அதில் சீசனில்கூட நாளுக்குச் சில வரிகள்தான் மாறும், சனி ஞாயிறில் ஒன்றும் இல்லை.

தென்பெண்ணை
ஜூன் 15, காலை 9.10

வால் சர்வர் முழுமைக்கும் ஒன்றே. லாஜிக்கல் ஸ்லாட் மட்டும் ஒரு தரவுத்தளத்துக்கு உரியது. படங்கள் வாலை நிரப்புகின்றன. கணக்கில் மாற்றமே இல்லாததால் டெபீசியத்துக்குக் கையில் எதுவும் வருவதில்லை. எதுவும் வராததால் "இதுவரை வாங்கிக்கொண்டேன்" என்று அது சொல்வதும் இல்லை. ஸ்லாட் நகராது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு உன் வீட்டு வாசலில் பந்தல் போட்ட கதை.

மருந்து எளிது. டெபீசியத்தில் ஹார்ட்பீட் அமைப்பு இருக்கிறது. கணக்குத் தரவுத்தளத்தில் ஒரு குட்டி அட்டவணை வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை அதில் ஒரு வரியை மாற்றும்படி சொல்லிவிடு. அந்த மாற்றம் டெபீசியத்தின் கைக்கு வரும், பெற்றுக்கொண்டேன் என்று அது சொல்லும், ஸ்லாட் நகரும்.

கூடவே அளவு வரம்பையும் வை. அது இணைப்பில் இருப்பவரையும் விடாது, வரம்பு தாண்டினால் வெட்டிவிடும். உன் வட்டுக்கு 40 ஜிபி வைக்கலாம். வரம்பு வைத்தபின் "வால் ஸ்டேட்டஸ்" நெடுவரிசையைப் பார்க்கப் பழகு. "ரிசர்வ்டு" என்றால் கவலையில்லை. "எக்ஸ்டெண்டட்" என்றால் வழக்கமான அளவைத் தாண்டிப் பிடித்து வைத்திருக்கிறது. "அன்ரிசர்வ்டு" என்றால் அடுத்த செக்பாயின்ட்டில் போகலாம், ஓடு. "லாஸ்ட்" என்றால் போயே விட்டது. இன்னும் எவ்வளவு எழுதலாம் என்பதை "சேஃப் வால் சைஸ்" பைட் கணக்கில் சொல்லும்.

கூட்டுப்புழு
ஜூன் 15, மதியம் 12.40

சீசன் முடிந்ததும் துணை சர்வரை அணைத்து வைப்பீர்களா? எனக்குத் தெரிந்த இரண்டு ஆலைகளில் செப்டம்பரில் ஏசியோடு சேர்த்து அதையும் அணைத்துவிடுகிறார்கள். ஏப்ரலில்தான் எழுப்புகிறார்கள். அந்த ஸ்லாட்டுக்கு மட்டும் காலாவதி வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

தென்பெண்ணை
ஜூன் 15, மதியம் 1.15

முடியாது. இந்த அமைப்பு சர்வர் முழுமைக்கும் ஒன்றுதான், ஸ்லாட்டுக்கு ஸ்லாட் வேறு மதிப்பு இல்லை. வாலையே பிடிக்காத ஸ்லாட்டையும், முதன்மையிலிருந்து துணைக்கு ஒத்திசைந்து வந்த ஸ்லாட்டையும் தொடாது என்பது தவிர விதிவிலக்கு கிடையாது.

ஏழு மாதம் துணை சர்வரை அணைத்து வைப்பவர்கள் ஸ்லாட்டையும் அன்றைக்கே நீக்கிவிடட்டும். ஏப்ரலில் புதிய நகல், புதிய ஸ்லாட். ஏழு மாத வாலை வாசித்துச் சமமாவதைவிட முழு நகல் எடுப்பது பெரும்பாலும் சீக்கிரமே முடியும்.

எடைமேடை
ஜூன் 15, இரவு 9.45

எங்களுடையதும் அந்த ஆலைகளில் ஒன்றாகவே இருக்கலாம், பெயர் சொல்ல மாட்டேன். சீசன் முடிப்புப் பட்டியலில் "பாய்லர் கழுவுதல்" என்ற வரிக்குக் கீழே "ஸ்லாட் நீக்குதல்" என்று இன்று எழுதி ஒட்டிவிட்டேன். பாய்லர் ஆப்பரேட்டர் இது யாருடைய வேலை என்று கேட்டார்.

ஹார்ட்பீட் போட்டேன். பத்தே நிமிடத்தில் 6 ஜிபி பூஜ்யத்துக்கு வந்தது. காலாவதி மூன்று நாள், அளவு 40 ஜிபி. மறுதொடக்கம் நிற்கும்வரை நாள் கணக்குக்கு என் அட்டவணைதான் காவல்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. ஸ்லாட்டை யார் போட்டார், எப்போது போட்டார் என்று போஸ்ட்கிரெஸ் ஸ்லாட் பட்டியலில் குறித்து வைப்பதில்லை. அந்த "ரிப்போர்ட் டிரையல்" யாருடையது என்று கண்டுபிடிக்கப் பழைய மின்னஞ்சலைத் துழாவ வேண்டியிருந்தது. இனிமேல் பெயரிலேயே ஆள், பயன், மாதம் மூன்றும் இருக்க வேண்டும் என்று விதி செய்துவிட்டேன். சிற்றெழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான் ஏற்கும், அது போதும். காட்சிக்கு வருபவர்கள் தற்காலிக ஸ்லாட்டில் காட்டட்டும். 10-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. இணைப்பைத் துண்டித்ததும் அதுவும் போய்விடும்.

கூட்டுப்புழு
ஜூன் 16, காலை 10.05

நான் அன்று சொன்னபடி பார்த்தேன். பென்னாகரம் ஸ்லாட் நலம். ஆனால் கொள்முதல் டோக்கன் அட்டவணையில் 300 வரிதான் இருக்க வேண்டும், அதன் கோப்பு 1.4 ஜிபி. மே மாத மழையில் அறுந்த நான்கு நாளில் உப்பியது. இப்போது துடைத்தாலும் கோப்பு தானாகச் சுருங்காது. அங்காடி இல்லாத நேரம் பார்த்து அட்டவணையைப் பூட்டி முழு வேக்கம் செய்ய வேண்டும். புளியமரத்தடி சார், நம் கட்சியிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன்.

புளியமரத்தடி
ஜூன் 17, இரவு 11.50

இத்தனை நாளாக இந்த இழையைப் படித்துவிட்டு இன்றுதான் எங்கள் சர்வரில் அந்தப் பட்டியலைக் கேட்டேன். இன்னும் 14-ல் இருக்கிறோம், அதனால் நாள் நெடுவரிசை கிடையாது. தூரம் மட்டும் பார்த்தேன்.

ஒரு ஸ்லாட் 212 ஜிபி பின்னால் நிற்கிறது. வட்டு 2 டிபி, அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. பெயர் "டெஸ்ட்2". அலுவலகத்தில் ஐந்து பேரிடமும் விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. பிறகு என் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன்.

போட்டது நான்தான்.